போன் உறைக்குள் என்ன இருக்கிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். எங்கள் வீட்டில் முதல் மாதச் சம்பளக்காரன் நான்தான். கிண்டியில் ஒரு கம்பெனியில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. தாம்பரத்தில் மூன்று பேர் சேர்ந்து அறை எடுத்திருக்கிறோம். போக வர மின்சார ரயில்.

உங்களிடம் மூன்று கேள்விகள். இந்த வயதில் எதைப் படித்தால், என்ன செய்தால் வாழ்க்கையில் ஜெயிக்கலாம்? ரயில் கூட்டம் தாங்கவில்லை, தவணையில் பைக் எடுத்துவிடலாமா? மூன்றாவது அப்பாவுக்காக. டிஜிட்டல் அரெஸ்ட் செய்திகளைப் பார்த்துப் பார்த்து, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தாலே அவருக்குக் கை நடுங்குகிறது. என்ன சொல்லித் தேற்றுவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறைத்தோழன் ஒருவன் போன மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பல்லாவரத்தில் ரயில் ஏறும்போது போனைப் பறிகொடுத்தான். எங்களிடம் சர்வீஸுக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னான். ஆபீஸில் யார் போனையோ வாங்கி அந்த நம்பருக்கு ரிங் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். சனிக்கிழமை பாஸ்புக் பதியும் மெஷினில் போட்டுப் பார்த்தால், வியாழன் ராத்திரி 4,900 ரூபாயும் வெள்ளி ராத்திரி 33,000 ரூபாயும் போயிருக்கிறது. திங்கட்கிழமை வங்கியில் எழுதிக் கொடுத்தான். மூன்று வாரமாகியும் பதில் இல்லை. விட்டுவிட்டான். எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்தவன்! "இவ்வளவு படித்தும் இப்படியா" என்று எல்லோரும் அவனை ஓட்டித் தள்ளிவிட்டோம். நான் அவனைப் போல அசட்டை கிடையாது அண்ணா. போன், ஏடிஎம் கார்டு, ஆதார் நகல், சீசன் டிக்கெட் எல்லாம் ஒரே உறைக்குள். கையைவிட்டு இறங்கவே இறங்காது.

அன்புடன்,
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

ஒரு வீட்டின் முதல் சம்பளக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியின் கனம் எனக்குத் தெரிகிறது. ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் மூன்று கேள்விகளுக்காக அல்ல. கடைசியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்களே, ஒரே உறைக்குள் எல்லாம் இருக்கிறது என்று, அதற்காக. பல நாளாக எழுத நினைத்திருந்த விஷயம் அது.

கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஜெயிப்பதைப் பற்றி நாலாவது மாதத்தில் கேட்காதீர்கள். வேலை கைக்குள் வர ஒரு வருடமாவது ஆகும். அதுவரை ஒழுங்காகத் தூங்குங்கள். சம்பளம் வந்த அன்றே, செலவுக்கு வேண்டியதை மட்டும் இன்னொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றி, யு.பி.ஐ. செயலியில் அந்தச் சின்னக் கணக்கை மட்டும் இணையுங்கள். எந்தப் புத்தகம் என்று இப்போது சொல்ல மாட்டேன். பைக் வேண்டாம். தாம்பரத்துக்கு மெட்ரோ இன்னும் வரவில்லை. கிண்டிக்குப் போக மின்சார ரயிலைவிட நம்பகமான வழி இல்லை. ஜி.எஸ்.டி. சாலையில் தினமும் இரண்டு வேளை, அதுவும் மாதத் தவணை கட்டிக்கொண்டு ஓட்ட அவசியம் என்ன? கூட்டம் தாங்கவில்லை என்றால் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. போலீஸோ சி.பி.ஐ.யோ சுங்கத் துறையோ வீடியோ அழைப்பில் யாரையும் கைது செய்வதில்லை. பணத்தைச் 'சரிபார்ப்புக்கு' அனுப்பச் சொல்வதும் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே தன் வானொலி உரையில் இதைச் சொன்னார். அழைப்பைத் துண்டித்துவிட்டு உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். அப்படிக் கூப்பிடும்போது, எத்தனை வேலை இருந்தாலும் எடுங்கள்.

இனி அந்த உறை.

உங்கள் தோழரின் உறைக்குள் என்ன இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. முதல் ராத்திரி 4,900, மறு ராத்திரி 33,000 என்ற கணக்கைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் உறையிலும் கார்டோ ஆதார் நகலோ இருந்திருக்கும். எப்படி என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

திருடியவன் உங்கள் போனைத் திறக்கவே வேண்டியதில்லை. ஒரு ஊக்கு போதும். சிம் தட்டை வெளியே இழுத்து, சிம்மை வேறு போனில் போட்டுவிட்டால் உங்கள் நம்பர் அவனுடையது. யு.பி.ஐ. செயலி ஒன்றை இறக்குகிறான். அது அந்த சிம்மிலிருந்து தானே ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, நம்பர் இந்த போனில்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்கிறது. அடுத்து எந்த வங்கி என்று கேட்கும். விடை கார்டிலேயே அச்சடித்திருக்கிறது. வங்கியைத் தொட்டதும் கணக்கு வந்து நிற்கும்.

பழைய யு.பி.ஐ. பின் (PIN, ரகசிய எண்) அவனுக்குத் தெரியாதே என்பீர்கள். தெரிய வேண்டாம், புதிதாக வைத்துக்கொள்வான். டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கம், காலாவதியாகும் மாதம் வருடம், பிறகு ஓ.டி.பி. சில வங்கிகள் இதோடு ஏடிஎம் பின்னையும் கேட்கும். அங்கே தடைபட்டால் ஆதார் வழி இருக்கிறது: ஆதாரின் முதல் ஆறு இலக்கம், பிறகு ஓ.டி.பி. அந்த வழியில் ஏடிஎம் பின் வேண்டியதில்லை. ஓ.டி.பி. எங்கே வரும்? அவன் கையில் இருக்கிற சிம்முக்குத்தான். கார்டு, ஆதார், சிம் மூன்றும் தனித்தனியே இருந்தால் ஒவ்வொன்றும் பாதிச் சாவி. நீங்கள் மூன்றையும் ஒரே உறையில் செருகி, ரயில் கதவருகே நின்றுகொண்டு கையில் பிடித்திருக்கிறீர்கள். இதற்குப் பெயர் உஷார் இல்லை தம்பி.

இப்போது அந்த இரண்டு தொகைகளுக்கு வருகிறேன். புதிய போனில் யு.பி.ஐ. பதிந்தாலோ பின்னை மாற்றினாலோ பல வங்கிகளில் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்தான் வரம்பு. இந்த மாதிரித் திருட்டுக்காகவே வைத்த தடுப்பு அது. அதனால்தான் வியாழன் ராத்திரி 4,900 போனது. 5,000-க்குள் எடுத்துவிட்டு அவன் காத்திருந்தான். வெள்ளி ராத்திரி வரம்பு விலகியதும் மிச்சத்தை எடுத்தான். அந்த ஒரு நாள் முழுக்க உங்கள் தோழரின் 33,000 ரூபாய் வங்கியிலேயேதான் இருந்தது. சிம்மை முடக்க ஒன்று, வங்கியில் யு.பி.ஐ.யை முடக்க ஒன்று என்று இரண்டு போன் செய்திருந்தால் அங்கேயே இருந்திருக்கும்.

ஏன் செய்யவில்லை அவர்? முதல் காரணம், ரிங் விட்டுக்கொண்டே இருந்தார். நம்பரை முடக்கினால் போன் கிடைக்காமலே போய்விடுமோ என்ற நப்பாசை. தொலைத்தவர்கள் முக்கால்வாசிப் பேர் செய்வது இதைத்தான். இரண்டாவது காரணம் நீங்கள். ஆமாம், நீங்களும் அறையில் இருக்கிற இன்னொருவரும்தான். சர்வீஸுக்குக் கொடுத்திருக்கிறேன் என்று ஒருவன் தன் அறையிலேயே பொய் சொல்ல வேண்டியிருந்தது என்றால், உண்மையைச் சொன்னால் என்ன கிடைக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சொன்ன பிறகு கிடைத்ததும் அதுதான். எம்.எஸ்சி. படித்தவன் ஏமாந்துவிட்டான் என்று சிரிக்கிறீர்கள். அவர் எங்கே ஏமாந்தார்? யாரிடமும் ஓ.டி.பி. சொல்லவில்லை, எந்த லிங்கையும் தொடவில்லை. அவரிடமிருந்து பறித்திருக்கிறார்கள். பறிகொடுத்தவனைப் பார்த்துச் சிரிப்பது நம் ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் ஆட்கள் புகார் கொடுக்காமல் இரண்டு நாள், மூன்று நாள் உள்ளேயே வைத்துப் புழுங்குகிறார்கள். பணம் கைமாறிக் கைமாறி ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வர அத்தனை நேரம் தேவையே இல்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. இன்று ராத்திரி அவரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள்.

கேட்டுவிட்டு, இருவரும் உட்கார்ந்து இந்த வேலைகளை முடியுங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது.

முதல் வேலை சிம் பூட்டு. திரைப்பூட்டு போனைத்தான் காக்கும், வெளியே எடுத்த சிம்மைக் காக்காது. செட்டிங்ஸில் பாதுகாப்பு என்ற பகுதிக்குள் 'சிம் லாக்' என்று இருக்கும். மாடலுக்கு மாடல் இடம் மாறும், மேலே தேடும் பெட்டியில் அந்தச் சொல்லைப் போட்டால் வந்துவிடும். அதை இயக்கும்போது, சிம்மோடு ஆரம்பத்தில் தந்த பின்னைக் கேட்கும். அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். குத்துமதிப்பாக எதையும் அடிக்காதீர்கள். மூன்று முறை தப்பானால் சிம் பூட்டிக்கொள்ளும், திறக்க பி.யு.கே. என்ற எட்டு இலக்க எண் வேண்டும். அதையும் பத்து முறை தப்பாக அடித்தால் சிம் செத்துவிடும், புது சிம்தான் வாங்க வேண்டும். அதனால் சிம் நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டு ஆரம்பப் பின்னைக் கேட்டுக்கொண்டு, அதைப் போட்டுப் பூட்டை இயக்கி, உடனே உங்களுக்கு மட்டும் தெரிந்த எண்ணாக மாற்றுங்கள். இரண்டு சிம் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். இனி சிம்மை வேறு போனில் போட்டாலும், போனை அணைத்து இயக்கினாலும் பின் கேட்கும். ஒரு சங்கடம் உண்டு: ராத்திரி போன் தானாக அப்டேட் ஆகி மறுபடி எழுந்தால், நீங்கள் பின் போடும்வரை அழைப்பு எதுவும் வராது. வயதானவர்கள் வீட்டில் இருக்கிற உங்களுக்கு இது முக்கியம். தானியங்கி அப்டேட்டை அணைத்துவிட்டு, விடுமுறை நாளில் கையால் செய்துகொள்ளுங்கள்.

சிம் பூட்டினாலும் ஓர் ஓட்டை மிச்சமிருக்கும். சிம் உங்கள் போனிலேயே இருந்து, பூட்டிய திரையில் ஓ.டி.பி. மின்னினால்? திருடன் அதைப் படித்துக்கொள்வான். அறிவிப்புகளுக்கான செட்டிங்ஸில், பூட்டிய திரையில் உள்ளடக்கத்தை மறைக்கும் வசதி இருக்கிறது, அதை இயக்குங்கள். பிறகு வாட்ஸாப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பு, ஆறு இலக்கம். சிம்மை மட்டும் வைத்து இன்னொரு போனில் உங்கள் வாட்ஸாப்பைத் திறக்கப் பார்ப்பவனை இது ஏழு நாள் நிறுத்தி வைக்கும். இல்லாவிட்டால் உங்கள் அப்பாவுக்கு, "அப்பா அவசரம், இந்த நம்பருக்கு அனுப்புங்க" என்று உங்கள் படத்தோடு செய்தி போகும். அவர் கை நடுங்குவதற்கு உண்மையான காரணம் அன்றுதான் கிடைக்கும்.

திரைப்பூட்டு, யு.பி.ஐ., ஏடிஎம் மூன்றுக்கும் ஒரே நாலு இலக்கம் வைத்திருப்பீர்கள். பிறந்த வருடமாகவும் இருக்கும். இன்றே மாற்றுங்கள். டீக்கடையிலும் ரயிலிலும் தோளுக்குப் பின்னால் நின்று அந்த நாலு இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு, அதற்குப் பிறகு போனைப் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். கூட்டத்தில் விரல்ரேகையால் திறங்கள். யு.பி.ஐ. லைட்டில் சில நூறு ரூபாய்க்கு மேல் போட்டு வைக்காதீர்கள், அது பின் கேட்காமலே செலவாகும்.

உறையைக் காலி செய்யுங்கள். கார்டு வீட்டில் இருக்கட்டும், எடுத்துப் போக வேண்டிய நாளில் பேன்ட்டின் முன்பையில் போகட்டும். ஆதார் நகல் கட்டாயம் வேண்டுமென்றால், ஆதார் இணையதளத்தில் 'மாஸ்க்டு ஆதார்' இறக்கிக்கொள்ளுங்கள். அதில் முதல் எட்டு இலக்கம் மறைந்திருக்கும், மேலே சொன்ன ஆறு இலக்க வேலை நடக்காது. சீசன் டிக்கெட் சட்டைப்பைக்குப் போகட்டும். போனோடு அதுவும் போனால், அடுத்த நிலையத்தில் பரிசோதகரிடம் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதமும் கட்ட வேண்டியிருக்கும். 500 ரூபாய் நோட்டு ஒன்றை அறையில் தனியே வைத்திருங்கள். ஏன் என்று பின்னால் தெரியும்.

ஒரு தாளில் நாலு விஷயங்களை எழுதி பெட்டிக்குள் வையுங்கள், நகலை ஊரில் அப்பாவிடம் கொடுங்கள்: வேறு போனிலிருந்து சிம் நிறுவனத்தைக் கூப்பிட வேண்டிய எண் (198 என்ற உதவி எண் அந்தந்த நெட்வொர்க்குக்குள்தான் வேலை செய்யும்), வங்கியின் 24 மணி நேர எண், போனின் பதினைந்து இலக்க அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ., கூகுள் கணக்கின் மாற்றுக் குறியீடுகள். ஐ.எம்.இ.ஐ. எண்ணுக்கு *#06# அடித்தால் போதும், போன் வந்த டப்பாவிலும் ஒட்டியிருக்கும். மாற்றுக் குறியீடுகள் எதற்கு என்றால், தொலைந்த போனைப் பூட்ட வேறொருவர் போனில் உங்கள் கூகுள் கணக்கைத் திறக்கப் போவீர்கள். அது இரண்டாம் சரிபார்ப்பைத் தொலைந்த போனுக்கே அனுப்பும். கையில் அந்தத் தாள் இருந்தால் தப்பித்தீர்கள்.

சரி, இதையெல்லாம் மீறிப் போன் போய்விட்டது. நின்ற இடத்திலேயே யாரிடமாவது போன் கேளுங்கள். முதல் அழைப்பு சிம்மை முடக்க, இரண்டாவது அழைப்பு வங்கிக்கு. கார்டையும் யு.பி.ஐ.யையும் இரண்டையும் முடக்கச் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். சிம்மை முடக்கினால் போன் இருக்கும் இடம் தெரியாமல் போகுமே என்று உங்கள் தோழர் நினைத்தது பொய்யில்லை, வாய்ப்பு குறையும்தான். ஆனால் போன் பதினைந்தாயிரம் ரூபாய். கணக்கு உங்கள் வீட்டின் ஒரே வருமானம். எதை முதலில் காப்பாற்றுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பணம் போயிருந்தால் அடுத்த அழைப்பு, சைபர் குற்றப் புகாருக்கான 1930. வங்கி, தொகை, நேரம், பரிவர்த்தனையின் பன்னிரண்டு இலக்கக் குறிப்பு எண் எல்லாம் கேட்பார்கள். சீக்கிரம் சொன்னால், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே முடக்க முடியும். அந்தப் புகாரை தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் முழுமையாகப் பதிந்துவிடுங்கள்.

பிறகு போலீஸ். ரயிலில் நடந்தால் ரயில்வே போலீஸ். "இது எங்கள் எல்லை இல்லை" என்று எந்த நிலையத்திலும் திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் வெளியே வராதீர்கள். அதன் நகல் இருந்தால்தான் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில், தொலைந்த போன்களுக்கான சி.இ.ஐ.ஆர். பகுதியில் ஐ.எம்.இ.ஐ.யை முடக்கச் சொல்ல முடியும். முடக்கிவிட்டால் அந்த போன் எந்த சிம்மோடும் இந்திய நெட்வொர்க்கில் ஓடாது.

அதே நம்பருக்கு நகல் சிம் வாங்கும்போது ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சிம் உயிர்பெற்று 24 மணி நேரம் குறுஞ்செய்தி எதுவும் வராது, போகாது. பாதுகாப்புக்காக வைத்த விதி. ஓ.டி.பி. கிடையாது, ஆகவே புதிதாக யு.பி.ஐ. பதிய முடியாது, கார்டும் முடங்கிக் கிடக்கும். அறையில் வைத்த 500 ரூபாய் அந்த ஒரு நாளுக்கு.

உங்கள் தோழரின் விஷயம் முடியவில்லை, அவர் ஏன் விட்டுவிட்டார் என்றுதான் புரியவில்லை. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதி அவர் பக்கம் இருக்கிறது. வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் பிழை இல்லாத மூன்றாம் ஆள் மோசடியில், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்ததிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு பூஜ்யம். தகவல் கிடைத்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வியாழன் ராத்திரி பணம் போனது, திங்கட்கிழமை புகார். வெள்ளி, சனி, திங்கள்: எப்படி எண்ணினாலும் மூன்றைத் தாண்டவில்லை. அதிலும் வங்கி அனுப்பிய எச்சரிக்கைக் குறுஞ்செய்திகள் திருடன் கையிலிருந்த சிம்முக்குப் போயின, இவருக்கு வரவே இல்லை. கார்டைப் போனோடு வைத்தது அஜாக்கிரதை என்று வங்கி வாதாடலாம். வாதாடட்டும். பிழை வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்றும் அதே விதி சொல்கிறது. புகார் கொடுத்த பத்து வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மூன்று வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள், பத்து வேலை நாள் கடந்துவிட்டது.

இன்னொரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். போன் பறிபோன நாள், நேரம், இரண்டு பரிவர்த்தனைகளின் குறிப்பு எண்கள், முதல் புகார் கொடுத்த தேதி, அந்த 2017 விதியைச் சுட்டி ஒரு வரி. பின்னையோ ஓ.டி.பி.யையோ யாரிடமும் பகிரவில்லை என்பது கட்டாயம் இருக்க வேண்டும். போலீஸ் ரசீதின் நகலை இணையுங்கள். அவர் இன்னும் போலீஸுக்கே போகவில்லை என்றால், வங்கிக்கு முன்னால் அங்கே போங்கள். கடிதத்தின் இரண்டாம் பிரதியில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம், கட்டணம் இல்லை.

அவரைத் தனியே அனுப்பாதீர்கள். இரண்டாம் சனியும் நாலாம் சனியும் வங்கி திறக்காது, அதனால் ஒரு வேலை நாளில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு நீங்களும் கூடப் போங்கள். கவுன்டரில் அவர் பேச்சு தடுமாறினால் நீங்கள் பேசுங்கள். என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்